ஒரே தோட்டத்துக் காய்

போன் திரையில் ஐந்து கம்பெனிகளும் மறுபடி ஒன்றாகச் சிவந்திருந்தன. அனுசியா போனைக் கவிழ்த்து அடுக்களை மேடையில் வைத்தாள். இட்லித் தட்டை இறக்கினாள். பிறகு பொறுக்காமல் மறுபடி எடுத்துப் பார்த்தாள். விலை விழுந்ததில்கூட அவளுக்கு அவ்வளவு ஆத்திரமில்லை. பங்கு என்றால் ஏறும், இறங்கும். அது தெரிந்துதான் பணத்தைப் போட்டாள். ஐந்தும் ஏன் சேர்ந்தே விழுகின்றன என்பதுதான் விளங்கவில்லை. ஒன்று ஏலக்காயை வாங்கி இருப்பு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. இன்னொன்று மலைத்தோட்டங்கள் வைத்திருப்பது. மூன்றாவது உரமும் பூச்சிமருந்தும் செய்வது. நான்காவது தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுக்கிற சின்ன வங்கி. ஐந்தாவது காய் உலர்த்தும் எந்திரம் செய்வது. தொழில் வேறு, முதலாளி வேறு, ஊர் வேறு. "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்க்கா, அதுக்குத்தான் அஞ்சாப் பிரிக்கிறது" என்று சொல்லித்தான் வினோத்குமார் வாங்கிக் கொடுத்தான். போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பங்கு வாங்கி விற்கும் ஆபீஸ் வைத்திருக்கிறவன், ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு வருஷமாக அவளும் பார்க்கிறாள். ஒன்று படுத்தால் ஐந்தும் பாய் விரிக்கின்றன.

அந்தப் பணம் சும்மா வந்ததல்ல. போடிமெட்டுக்கு மேலே அப்பா வைத்திருந்த தோட்டத்தை அண்ணன் விற்றபோது, "கட்டிக் குடுத்தாச்சு, நகையும் போட்டாச்சு, இன்னும் என்ன பங்கு" என்று கேட்டான். வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் அவளுடைய பாகம் கைக்கு வந்தது. அதோடு அண்ணன் வீட்டு விசேஷங்களுக்கு அழைப்பு வருவதும் நின்றது. ஏலக்காய் குடோனில் ரகம் பிரிக்கிற பெண்களை மேற்பார்வையிடும் வேலை அவளுக்கு. கண் நன்றாகத் தெரிகிறவரைதான் அந்த வேலை. அதற்குப் பிறகு யார் கையையும் எதிர்பாராமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் கூடப்பிறந்தவனை இழந்து வாங்கிய பணத்தை ஒரு காசு தொடாமல் வைத்திருந்தாள்.

"இன்னைக்கும் செவப்பா?" என்றபடி கணவன் ஈஸ்வர் வந்து உட்கார்ந்தான். அந்த நேரத்தில் அவன் தோட்ட வேலைக்குப் போகிற ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இருக்க வேண்டியவன்.

"நீங்க போகலையா?"

"காய்க்கு வெல இல்லைன்னு ஆளக் கொறைச்சுட்டாங்க. ரெண்டு நடை போன எடத்துல இப்ப ஒரு நடைதான்." இட்லியைப் பிட்டான். "ராசிங்காபுரத்துல ஒரு ஜீப்பு வெலைக்கு வருது. நல்ல வண்டி. எல்லாரும் விக்கிறப்பத்தான் நாம வாங்கணும். வெள்ளிக்கெழமைக்குள்ள அட்வான்சு கேக்குறாரு. அந்தக் கருமத்த வித்துப்போட்டு வண்டியா நிறுத்துவோம். கண்ணுக்கு முன்னால கெடக்கும்."

"கெடக்கத்தான் செய்யும்."

"கொழுப்பப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, மறுக்க அவளிடம் காரணம் இல்லை. போட்ட பணம் ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லத் தெரியாதவள், அங்கேயே இருக்கட்டும் என்று எதைக் கொண்டு வாதாடுவது? "ஏன்னு எனக்கு வெளங்கட்டும். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்றேன்" என்றாள்.

ஏலக்காயை ரகம் பிரிப்பது எப்படி என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்திலேயே உலர்த்திய காய் குடோனுக்கு வந்து இறங்கும். கண் அளவு வேறுவேறான சல்லடைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துச் சலிப்பார்கள். மேல் சல்லடையில் பெருவெட்டுக் காய் நின்றுவிடும். அதற்குச் சிறியது அடுத்ததில் நிற்கும். இப்படியே இறங்கி இறங்கி அடியில் பொடிக்காய். அதற்குப் பிறகு பெண்கள் உட்கார்ந்து வெடித்ததையும் வெளுத்ததையும் கையால் பொறுக்குவார்கள். காலையில் ஒரே குவியலாகக் கிடந்தது சாயங்காலம் ஐந்து மூட்டையாக நிற்கும். ஐந்துக்கும் ஐந்து பெயர், ஐந்து விலை. வாங்குகிறவர்களும் வேறுவேறு ஆட்கள். பார்க்கிறவர்களுக்கு ஐந்து சரக்கு என்றுதான் தோன்றும்.

அன்றைக்கு ஐந்து மூட்டைகள் திரும்பி வந்திருந்தன. ஒரு குவியலின் ஐந்து ரகத்தையும் சேர்த்து வாங்கியிருந்த வியாபாரி, புகை வாடை அடிக்கிறது என்று திருப்பியிருந்தார். மலையில் உலர்த்தும்போது அடுப்புக் குழாயில் எங்கோ ஓட்டை விழுந்து புகை காயில் ஏறியிருக்க வேண்டும். அனுசியா முதல் மூட்டையைப் பிரித்து முகர்ந்தாள். வாடை. இரண்டாவதிலும் வாடை. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடைசி மூட்டைக்கு வந்தாள்.

"பொடிக்காயாவது தப்பிச்சிருக்கும்னு பாத்தேன்."

பொறுக்கிக்கொண்டிருந்த ஒச்சம்மாள் தலை தூக்காமலே சொன்னாள்: "நல்லாருக்கே கத. அஞ்சு சல்லடையில சலிச்சா அஞ்சு ஆத்தாளுக்குப் பொறந்ததாயிருமா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அனுசியா சிரிக்கவில்லை. கை மூட்டைக்குள்ளேயே இருந்தது. விரல்களுக்கு இடையில் காய்கள் உருண்டன.

காய் விலை விழுந்தால் தோட்டக் கம்பெனிக்கு வருமானம் குறையும். வருமானம் குறைந்தவன் உரத்தையும் மருந்தையும் பாதியாக்குவான். வங்கிக் கடனுக்குத் தவணை சொல்வான். புது உலர்த்தி வாங்க மாட்டான். ஏற்றுமதிக்காரன் முன்பே வாங்கி அடுக்கிய சரக்கு, வாங்கிய விலைக்குக் கீழே போகும். ஐந்து கம்பெனியும் ஒரே அடுப்பில் காய்ந்தவை. சலித்து வேறு வேறு சாக்கில் கட்டியதால் வேறாகத் தெரிந்தன. யோசிக்க யோசிக்க இன்னும் இரண்டு மூட்டைகள் கண்ணில் பட்டன. ஒன்று அவள் வாங்குகிற சம்பளம். மற்றது ஈஸ்வர் ஓட்டுகிற ஜீப்பு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஸ்டாண்ட் மாடிக்கு ஏறினாள்.

"பதறாதீங்கக்கா, லாங் டெர்ம்ல எல்லாம் ஏறும்" என்றான் வினோத்குமார், அவள் வாயைத் திறக்கும் முன்பே.

"நான் பதறல. நீ எனக்கு அஞ்சு கம்பெனி வாங்கித் தரல. ஒரே தோட்டத்துக் காய அஞ்சு சாக்குல கட்டித் தந்திருக்க."

விளக்கினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்து, "சோப்புக் கம்பெனி, மருந்துக் கம்பெனின்னு மொத நாளே சொன்னேனேக்கா. தெரியாத சரக்கு வேணாம், காய்தான் எனக்குத் தெரியும்னது யாரு?" என்றான்.

உண்மைதான். அவளே சொன்னது. உண்மையாக இருந்ததனாலேயே கோபம் இன்னும் ஏறியது. "கேட்டதக் கட்டிக் குடுக்குறதுக்கு நீ என்ன பலசரக்குக் கடையா? ஒங்க மாமா ஜீப்பு ஓட்டுறாரு. நான் குடோன்ல நிக்கிறேன். வீட்டுக்கு வர்ற சோறே காயில இருந்துதான் வருதுன்னு ஒனக்குத் தெரியும். இருக்கிற சேமிப்பையும் அதுலயே போடுறீங்களேக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"போடி பூரா இதத்தான் வாங்குறாங்க. நான் யாரையும் கேக்கல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவன் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவனுடைய சொந்தக் கணக்கு. அதே ஐந்து பெயர்கள், அதே சிவப்பு. அவளுடையதைவிடப் பெரிய தொகை. "நானும் இதான்க்கா வச்சிருக்கேன்."

ஏமாற்றுக்காரன் என்று திட்ட வந்தவளுக்கு அது தாங்கவில்லை. ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டு வாங்கிவிடலாம். அண்ணனிடம் வாங்கவில்லையா? "நனைஞ்சுக்கிட்டே கொடை விக்கிறியேடா" என்றாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "நான் வாங்குனாலும் வித்தாலும் ஒனக்குக் கமிசன் உண்டுல்ல?"

"உண்டு."

"அது மட்டும் எந்தத் தோட்டத்துக் காயும் இல்ல."

வியாழக்கிழமை சாயங்காலம் ஈஸ்வர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "ராசிங்காபுரம் வண்டி வேணாம்ங்க."

"ஏன், அந்தப் பேப்பரு ஏறிருச்சா?"

"ஏறல. காய் வெல விழுந்தா இந்த ஜீப்புல யாரு ஏறுறா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"ரெண்டாவது வண்டி வாங்குனா அதுல மட்டும் யாரு ஏறப்போறா? ஒண்ணு காலியாப் போறதுக்கு ரெண்டு காலியாப் போகும்."

"அப்ப நான் ஓட்டுற வண்டியும் அந்தச் செவப்பும் ஒண்ணுங்கிற."

"ஆமாங்க."

"எம் பேச்சுக்கு மதிப்பில்ல."

"ஒங்க பேச்சுக்கு இருக்கு. அந்த ஜீப்புக்குத்தான் இல்ல."

அவன் துணியைப் பிழிந்து பானட்டின் மேல் வீசினான். அன்று இரவு சாப்பிடும்போது முகம் பார்க்கவில்லை. மறுநாள் விடியலில் வண்டியைக் கிளப்பும்போதும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை. தெருமுனைவரை போய் நின்றுவிட்டு, பின்னோக்கி வந்து, ஜன்னலில் தலையை நீட்டி, "அப்ப எங்கதான் போடணும்ங்கிற?" என்று கேட்டான். குரலில் கோபம் குறையவில்லை. ஆனால் கேட்டான்.

"சாயந்தரம் சொல்றேன். நீங்க வெரசாக் கெளம்புங்க, ஆளு நிக்கும்."

பாதி இருக்கை காலியாக ஜீப்பு மேலே ஏறியது. தூரத்துச் சரிவுகளில் மழைக்கு முந்தைய கவாத்து நடந்துகொண்டிருந்தது. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும், அதிகமாகிவிட்டாலும் காய்க்காது. அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, அடர்ந்துவிட்ட மரத்தில் மட்டும் ஏறிக் கிளையைக் கழிப்பார்கள். மரத்தை வெட்ட மாட்டார்கள். வளராமல் நிற்கிற மரத்தைத் தொடவே மாட்டார்கள். இதை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

விழுந்த விலையில் விற்பதா என்று மனம் ஒரு நிமிஷம் பதறியது. அங்கேயே விட்டாலும் அது அதே அடுப்பில்தான் கிடக்கும். வினோத்குமாருக்குப் போன் போட்டாள். அவன் கேட்டுக்கொண்டே எழுதுகிற சத்தம் கேட்டது. அவன் தனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் சொன்னது இதுதான்: ஐந்து கம்பெனியிலும் மாதாமாதம் கொஞ்சமாக விற்க வேண்டும். மொத்தப் பணத்தில் பத்துப் பங்கில் ஒரு பங்கு மட்டும் இந்த மலைக் கம்பெனிகளில் நிற்கட்டும். ஆறு பங்கு, நாட்டிலுள்ள பெரிய கம்பெனிகளை எல்லாம் மொத்தமாக வாங்கும் ஃபண்டுக்குப் போகட்டும். மூன்று பங்கு தபாலாபீஸில் வட்டிக்குக் கிடக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை, கவாத்து நடக்கிற நாளில், இப்படி வகுத்த அளவுக்கு மேல் வளர்ந்ததில் மட்டும் கொஞ்சம் கழித்து, அளவுக்குக் குறைந்ததில் போட வேண்டும். நடுவில் தொடக் கூடாது.