உன்சிலின் கிதாருக்கு என்ன விலை

இசைக்கருவிக் கடைகள் நிறைந்த நாக்வோன் கட்டடத்தின் படிகளில் சாங்பே நாலு படிக்கு ஒரு தடவை நின்றார். முதுகில் மனைவியின் கிதார் தொங்கியது. உறையின் பட்டை தோளை அறுக்கிறது என்று முனகிக்கொண்டே ஏறினார். அறுத்தது பட்டை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"குடுங்க, நான் தூக்கிக்கிறேன். முகமே வெளுத்துப் போச்சு," என்றாள் உன்சில்.

"ஒண்ணுமில்ல. காலையில தின்ன முள்ளங்கிக் கிம்ச்சி ஒத்துக்கல."

"முள்ளங்கி மேல ஏன் பழி போடுறீங்க? ரெண்டு கிண்ணம் சோறு யாரு தின்னது?"

சாங்பே சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

உன்சில் முதியோர் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிடும் வேலை பார்த்தாள். வியாழக்கிழமை மாலைகளில் அதே வார்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிதார் வாசித்துப் பாடுவாள். பேச்சே மறந்துபோன கிழவர்கள்கூட அன்றைக்குப் போர்வைக்கு உள்ளே கால் கட்டைவிரலை ஆட்டுவார்களாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தன் சம்பளத்தில் புதிதாக வாங்கிய கிதார் அது. பெரிய உடம்பு, அகலக் கழுத்து. ஒரு மாதமாக அவள் வேறு பேச்சுப் பேசினாள். சின்னதாக, கழுத்து மெலிந்ததாக ஒன்று வேண்டும். இதைக் கொடுத்துவிட்டு மேலே கொஞ்சம் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

"இதுவே நல்லாத்தானே இருக்கு," என்று சாங்பே மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நான்காவது முறை சொன்னால் சந்தேகம் வரும் என்று நிறுத்திக்கொண்டார்.

விஷயம் நவம்பரில் நடந்தது. உன்சில் தேஜோனில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடப் போயிருந்தாள். மகள் தாசோலும் ஊரில் இல்லை; சாங்பே தனியாக இருந்தார். அலமாரி மேல் இருந்த கனத்த மெத்தையை இறக்கும்போது அது கைநழுவி, மூலையில் நின்ற கிதாரையும் சேர்த்துச் சாய்த்தது. கிதார் நேராகப் போய்க் கிம்ச்சி வைக்கும் குளிர்பெட்டியின் முனையில் மோதியது. முன்பலகையில், கம்பியை மீட்டும் இடத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தகட்டின் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்தது. சாங்பே ஓடிப்போய்க் கடையில் இரண்டு சொட்டிலேயே செருப்பை ஒட்டும் பசையை வாங்கி வந்தார். கோட்டில் ஊற்றினார், துடைத்தார், மெருகு போட்டார். தகட்டின் ஓரத்தோடு ஓரமாகக் கோடு ஓடியதால் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உன்சில் உற்றுப் பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பிறந்தநாள் கழியட்டும், புத்தாண்டு கழியட்டும் என்று தள்ளித் தள்ளி மூன்று மாதம் ஓடிவிட்டது.

இரண்டாம் மாடியில் உன்சில் விசாரித்து வைத்திருந்த கடை, நடைபாதையின் கடைசியில் இருந்தது. கடைக்காரியின் பெயர் சோரா. முப்பத்தைந்து வயது இருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தாள்.

"வாங்க அக்கா. போன்ல பேசினது நீங்கதானே? அண்ணே, அதை இப்படிப் படுக்க வைங்க. மெதுவா. குழந்தையக் கொடுக்கிற மாதிரி."

சாங்பே படுக்க வைத்தார். உன்சில் கைப்பேசியை நீட்டினாள். "இதே மாடல் ஏழு லட்சம் வோன்னு பழைய பொருள் விக்கிற செயலியில போட்டிருக்காங்க."

"அது ஆசைப்படுற விலை அக்கா. வித்த விலையை யாரும் போட மாட்டாங்க. ஏழுன்னு போட்டவன் ஆறு மாசமா அதே படத்தைத்தான் போட்டுக்கிட்டு இருக்கான், பாருங்க." சோரா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிதாரின் கழுத்தைக் கண்ணுக்கு நேராக, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பிடித்தாள். ஒரு நேர்க்கோலை மேலே வைத்துப் பார்த்தாள். "அட, கழுத்து நூல் பிடிச்ச மாதிரி இருக்கே! குளிருக்குச் சூடாக்கின தரையில சாய்ச்சு வச்சு வில்லா வளைச்சுக் கொண்டு வர்றவங்கதான் இங்க பாதிப் பேரு. நல்லா வச்சிருக்கீங்க."

உன்சிலின் முகம் மலர்ந்தது. "மரம் காயாம இருக்க, குளிர்காலம் பூரா உறைக்குள்ள ஈரப்பை போட்டு வைப்பேன். இவரு தொடக்கூட மாட்டாரு."

சாங்பே சுவரில் தொங்கிய நான்கு கம்பி யூகலேலி ஒன்றை ஆழ்ந்து பார்த்தார்.

சோரா பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாள். டொக், டொக், டொக். ஓர் இடத்தில் சத்தம் சற்று மாறியது. அவள் நிறுத்தி, மறுபடி தட்டினாள். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, சின்ன விளக்கையும் பல் மருத்துவர் வைத்திருப்பதுபோன்ற கண்ணாடியையும் வட்டத் துளைக்குள் விட்டாள். சாங்பேயின் உள்ளங்கை வியர்த்தது. போக்குவரத்து நெரிசலில் இருபது வருடம் சிற்றுந்து ஓட்டிய மனிதர். ஒரு தடவைகூட இப்படி வியர்த்ததில்லை.

"உள்ளே பலகைக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை ஒண்ணு ஒரு முனையில ஒட்டு விட்டிருக்கு," என்றாள் சோரா, கண்ணை எடுக்காமல். "அஞ்சாவது கம்பியை அழுத்தி வாசிச்சா ர்ர்ர்னு ஒரு இரைச்சல் வருமே? வரணுமே?"

சாங்பே திரும்பிப் பார்த்தார். உன்சில் தன் இடது கையை வலது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருது," என்றாள் மெதுவாக. "அது... கிதார்ல இருந்தா வருது?"

"பின்னே எங்கிருந்து வரும்?"

"என் விரல்னு நினைச்சேன். சரியா அழுத்த முடியாம போச்சுன்னு."

சோரா நிமிர்ந்தாள். உன்சில் சாங்பேயைப் பார்க்காமல், சோராவிடமே சொன்னாள். "எங்கம்மாவுக்கு அம்பது வயசுல விரல் முட்டியெல்லாம் வீங்கி மடங்கிப் போச்சு. கடைசியில சாப்பாட்டுக் குச்சி பிடிக்க முடியல. எனக்கு அடுத்த வருஷம் அம்பது. டிசம்பர்லருந்து இந்த இரைச்சல். எவ்வளவு அழுத்தினாலும் போகல. சரி, ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன். மெலிசான கழுத்து வாங்கினா இன்னும் ரெண்டு, மூணு வருஷம் ஓட்டலாமேன்னுதான்... திங்கட்கிழமை மூட்டு வைத்தியர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். இவருகிட்ட சொல்லல. பயந்துப்பாரு."

மூன்று மாதமாகத் தொலைக்காட்சி பார்க்கும்போது அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிப்பதைச் சாங்பே பார்த்திருக்கிறார். உடற்பயிற்சி என்று நினைத்தார். போன மாதம் அவள் பழைய பாத்திரங்களை எடுத்துப்போட்டுவிட்டு எடை குறைந்த கிண்ணங்களை வாங்கிய காரணம் இப்போது புரிந்தது.

சோரா மேஜை இழுப்பறையிலிருந்து வளைந்த மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தாள். முனையில் துணி சுற்றியிருந்தது. கிதாரின் கம்பிகளை மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்தாள். "அக்கா, இப்படி உட்காருங்க. வாசிங்க."

உன்சில் ஐந்தாவது கம்பியை அழுத்தி மீட்டினாள். ர்ர்ர் என்றது. சோரா கம்பிகளுக்கு இடையே அந்த வளைந்த முனையை உள்ளே விட்டு எதையோ மேலே தூக்கிப் பிடித்தாள். "இப்ப."

மணி அடித்ததுபோல் சுத்தமாக எழுந்தது ஒலி.

சோரா விட்டாள். ர்ர்ர். பிடித்தாள். சுத்தம். உன்சில் விரலை மாற்றி மாற்றி வைத்தாள். நான்கைந்து சுரங்களைச் சேர்த்துச் சேர்த்து அடுத்தடுத்து வாசித்தாள். சோராவின் கை உள்ளேயே இருந்தது. இரைச்சல் இல்லை. உன்சிலின் கண்கள் நிறைந்துவிட்டன.

"விரலுக்கு ஒண்ணும் இல்ல அக்கா," என்றாள் சோரா. "எங்க மாமாவை விட நல்லா அழுத்துறீங்க. அவரு மேடையில வாசிக்கிறவரு."

"இது எப்படி விட்டுச்சு?" என்று உன்சில் புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

"காத்து வறண்டா சில சமயம் தானா விடும். இல்லேன்னா எங்கேயாவது இடி வாங்கியிருக்கணும்."

தப்பிக்க வாசல் திறந்துதான் இருந்தது. வறண்ட காற்று என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சாங்பே தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான்," என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

"நான்தான் தள்ளிவிட்டேன். நீ தேஜோன் போயிருந்தப்ப. மெத்தையை எடுக்கும்போது. குளிர்பெட்டி முனையில மோதிச்சு. இதோ, இந்தத் தகட்டு ஓரத்துல பசை போட்டு ஒட்டினேன். சொல்லணும்னு தினமும் நினைச்சேன், தாசோல் அம்மா. தைரியம் வரல."

உன்சில் எழுந்தாள். கிதாரை மெதுவாக, மிக மெதுவாக மேஜைமேல் வைத்தாள். அப்புறம் அவர் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி அவர் தோளிலேயே நாலு சாத்துச் சாத்தினாள்.

"மூணு மாசம்! மூணு மாசமா நான் விரலை மடக்கி மடக்கிப் பார்த்து, கையில்லாம எப்படி வேலைக்குப் போறதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு, நீங்க என்னடான்னா பக்கத்துலேயே உட்கார்ந்து நிலக்கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டு..."

"நீயும்தான் வைத்தியர் விஷயம் சொல்லல..."

"வாயைத் தொறந்தீங்கன்னா பாருங்க!"

உன்சில் இன்னும் ஒரு சாத்துச் சாத்திவிட்டு, திடீரென்று தொப்பியால் தன் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சாங்பே பதறிப்போய்க் கையை நீட்டினார். தொப்பியை விலக்கினால், அழுகையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என் விரலுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள்.

சோரா இதற்குள் தகட்டின் ஓரத்தை நகத்தால் வருடிப் பார்த்துவிட்டாள். "மரம் பிளக்கல. மேல்பூச்சு மட்டும்தான் வெடிச்சிருக்கு. அப்படியே விட்டிருந்தா பாதகமே இல்ல. இந்தப் பசைதான் அண்ணே, பூச்சைத் தின்னு மங்கலாக்கிடுச்சு. நீங்க உடைச்சதுக்குக் கழிக்கப்போறதைவிட ஒட்டினதுக்குக் கழிக்கப்போறதுதான் அதிகம்."

சாங்பே தலை குனிந்தார். ஆனால் நெஞ்சில் மூன்று மாதமாகக் கிடந்த கல் எங்கே போனது என்று தெரியவில்லை. திட்டு வாங்க வாங்க மூச்சு இலகுவாக வந்தது.

சோரா விலை சொன்னாள். கழுத்து நேர், முறுக்காணிகள் நன்று, கம்பி அழுந்தும் உலோகக் கட்டைகள் பாதிதான் தேய்ந்திருக்கின்றன. உள்ளே விட்டுப்போன முட்டுக்கட்டையை ஒட்டும் வேலை அரை நாள். எல்லாம் போக நாலே கால் லட்சம். "செயலியில நீங்களே வித்தா இன்னும் கொஞ்சம் வரும். ஆனா வர்றவன் எல்லாம் பேரம் பேசி உயிரை வாங்குவான். இல்ல, வேற வழியும் இருக்கு. ஒட்டிக் கொடுக்கிறேன், எடுத்துட்டுப் போங்க. இன்னும் இருபது வருஷம் தாங்கும். விரலுக்காகத்தானே மாத்த வந்தீங்க?"

உன்சில் யோசித்தாள். சுவரில் இருந்த, தேன் நிறத்தில் இடை ஒடுங்கிய சின்னக் கிதார் ஒன்றைக் காட்டினாள். வந்ததிலிருந்து அவள் கண் அதன்மேல் போய்ப் போய் வந்ததைச் சாங்பே கவனித்திருந்தார்.

"அதைக் கொஞ்சம் குடுங்க."

வாசித்தாள். தோள் தூக்கவே இல்லை. பெரிய கிதாரை அணைக்க அவள் எப்போதும் வலது தோளைத் தூக்கிக்கொண்டுதான் உட்காருவாள். இதில் சோபாவில் சாய்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்று தொடங்கினாள். பக்கத்துக் கடையில் டிரம்ஸ் துடைத்துக்கொண்டிருந்த ஆள் எட்டிப் பார்த்தான்.

"விரலுக்காக வேண்டாம்," என்றாள் கடைசியில். "எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்காக வேணும்."

பெரிய கிதாரைக் கொடுத்ததுபோக மிச்சப் பணத்துக்குச் சாங்பே தன் அட்டையை நீட்டினார். உன்சில் தடுக்கவில்லை. தடுப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே மூட்டு வைத்தியரிடம் போனார்கள். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வைத்தியர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவுக்கு வந்தது இதில் இல்லை, வேலைக்களைப்புத்தான், இரவில் வெந்நீரில் கை வையுங்கள் என்றார். வெளியே வந்ததும் உன்சில் பேருந்து நிறுத்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணும் இல்லையாம்டி. ஆமா, சுத்தமா ஒண்ணும் இல்ல. இரு, உன் மச்சான் செஞ்ச வேலையைச் சொல்றேன், கேளு."

சாங்பே பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்வது முழுவதையும் கேட்டார். மூன்று பேருந்துகள் வந்து போயின.