பொற்றொடிபுரத்தின் ஏழாம் அத்தியாயம்

கல்லூரி ஆண்டு விழா நாடகம் என்றால் ஒரு ராஜா, நாலு புலவர், ஒரு பொற்கிழி. முடிவில் ராஜாவின் மீசை கழன்று விழும். சாணார்பட்டி சாலையில் இருக்கும் அந்தக் கலைக் கல்லூரியில் வருஷா வருஷம் அப்படித்தான் நடந்துவந்தது. இந்த வருஷம் தமிழ்த்துறைக்குப் புதிதாக வந்த தமிழ்மதி, நூறு வருஷத்துக்கு முந்தைய நாவல் ஒன்றின் ஜெராக்ஸைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பெயர் ‘பொற்றொடிபுரம்’. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு ஸ்திரீ’ என்று மட்டும் அச்சாகியிருந்தது.

கதை இதுதான். வழி தவறிய ஒரு திண்டுக்கல் பூட்டு வியாபாரி, மூட்டை நிறையப் பூட்டுகளோடு பெண்கள் ஆளும் நாடு ஒன்றுக்குள் போய்விடுகிறான். அங்கே காற்றில் ஓடும் ஏர் உண்டு, தானாகச் சோறு வடிக்கும் யந்திரம் உண்டு, பெண் நீதிபதி உண்டு. பூட்டு மட்டும் கிடையாது. “இது எதற்கு?” என்று சபையில் கேட்கிறார்கள். பெண்களை உள்ளே பத்திரமாக வைப்பதற்கு என்கிறான். “யாருக்குப் பயந்து?” வெளியே திரியும் ஆண்களுக்குப் பயந்து என்கிறான். “அப்படியானால் தப்பான ஆளுக்கல்லவா பூட்டுப் போடுகிறீர்கள்?” என்று நீதிபதி கேட்க, சபையே சிரிக்கிறது. வியாபாரம் படுத்துப்போக, அவன் சோற்று யந்திரத்துக்கு அரிசி களைந்து போடும் வேலையில் சேர்ந்து சௌக்கியமாக இருக்கிறான்.

கதையைக் கேட்டு முடித்ததும் முனீஸ்வரி கையைத் தூக்கினாள்.

“மிஸ், அந்த நாட்டுல பாத்திரம் யாரு தேய்ப்பா?”

தமிழ்மதி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். “அது இல்லையேம்மா.”

“காத்துல ஏரு ஓட்டத் தெரிஞ்சிருக்கு, பாத்திரம் தோணலையாக்கும்? கதை எழுதுன அந்தம்மா வீட்டுல வேலைக்கு ஆளு இருந்திருக்கும் மிஸ்.”

வகுப்பு சிரித்தது. தமிழ்மதியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நாடகமாக்கும் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்.

முனீஸ்வரி குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கடன் என்று ஓடுகிற வீடு. கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தாள். புத்தகத்தை நன்றாகக் கிண்டலடித்து எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தாள். ஏழாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டாள்.

அதில், பொற்றொடிபுரத்துப் பெண் ஒருத்தி விளக்கு வைத்த பிறகு தனியாகக் கண்மாய்க் கரையில் நடக்கப் போகிறாள். அவித்த கடலை வாங்கித் தின்கிறாள். தவளைச் சத்தம் கேட்கிறாள். வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான். ஜெராக்ஸில் பக்கம் விட்டுப்போய்விட்டது என்று முனீஸ்வரி முதலில் நினைத்தாள். இல்லை, அடுத்த அத்தியாயம் கரும்புக்கு வரி போடுவதைப் பற்றித் தொடங்கியது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பிடிபட்டது. நாவலை எழுதிய அம்மாள் யோசித்ததிலேயே நடக்கவே நடக்காத விஷயம் இதுதான். ஏரும் யந்திரமும் சும்மா அலங்காரம்.

நூறு வருஷத்தில் டிராக்டர் வந்துவிட்டது, குக்கர் வந்துவிட்டது, பெண் நீதிபதிகளும் வந்துவிட்டார்கள். ஏழாம் அத்தியாயம் மட்டும் இன்னும் கற்பனையிலேயே கிடந்தது. பெண்கள் விடுதிக் கேட்டை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குக் கேட் இருந்தது. அதைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை.

சிக்கல் ஒத்திகையில் வந்தது. வகுப்பு முடிந்து, பேருந்துகள் கிளம்பி, அரங்கம் காலியாவதற்கே ஆறாகிவிடும். பெண்களுக்கு அனுமதி நீட்டித் தரும்படி தமிழ்மதி முதல்வர் ஆவுடையப்பனிடம் கேட்டார். முதல்வர் நல்ல மனிதர். எந்தப் பிரச்சினைக்கும் இரண்டு நிமிஷத்தில் தீர்வு சொல்லிவிடுவார். அதுதான் அவரிடம் இருந்த பிரச்சினை.

“பொம்பளப் பிள்ளைகள இருட்டுன பெறகு வெளிய விட்டா நாளைக்கு யாரும்மா பதில் சொல்றது? பசங்களுக்குச் சேலை கட்டி விட்டுருங்க. அந்தக் காலத்து நாடகமெல்லாம் அப்படித்தான் நடந்துச்சு.”

ஆக, பெண்கள் சுதந்திரமாக நடமாடும் நாட்டைப் பற்றிய நாடகத்தில் நடிக்கப் பெண்களுக்கு அனுமதி இல்லை. நீதிபதி, தளபதி, மந்திரி எல்லாம் இரண்டாம் வருஷத்துப் பையன்கள். சின்னாளப்பட்டியிலிருந்து சுங்குடிச் சேலைகள் வந்து இறங்கின. கண்மாய்க் கரையில் நடக்கும் பெண்ணாக, ஒட்டன்சத்திரத்துக் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் மகன் அஜய்.

முனீஸ்வரி மதிய இடைவேளையில் அவனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவன் இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்தான்.

“ஏலே, சும்மா நட.”

சும்மா நடந்தான்.

“இது ரோட்டையே வெலைக்கு வாங்குன மாதிரி இருக்கு.”

“பின்ன எப்படித்தான் நடக்கோணும்?”

“பயப்படணும்னு இல்ல. பயம் இல்லைங்கறது அவளுக்குத் தெரியணும்.”

“அது எப்படி நடிக்கிறது? எனக்கு எப்பவுமே பயமில்லையே.” அவன் திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். முனீஸ்வரிக்கு அதுதான் கூடுதலாக எரிந்தது.

ஒத்திகை தொடங்கிய வாரத்திலேயே ஒரு சாயங்காலம், அஜய்க்குப் பசித்தது. சேலையைக் கழற்றினால் திரும்பக் கட்டத் தெரியாது. அப்படியே முக்காடு போட்டுக்கொண்டு சாலைக்கு அந்தப்பக்கம் இருந்த கடைக்கு வடை வாங்கப் போனான். திரும்பும்போது ஒரு பைக் பின்னாலேயே மெதுவாக வந்தது. அதில் இரண்டு பேர். முதலில் விசில். அப்புறம் ஒரு பாட்டு. அப்புறம், “தனியா போறியே, கொண்டுபோய் விடவா?” என்ற குரல், காதுக்கு மிக அருகில்.

‘நான் பையன்டா’ என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தினால் சிரிப்பார்களா, அடிப்பார்களா என்று தெரியவில்லை. வடையைப் போட்டுவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் வெளிச்சத்தை நோக்கி ஓடினான்.

அது பெண்கள் விடுதி வாசல் விளக்கு. வாட்ச்மேன் மொக்கைச்சாமிக்குச் சாளேசரக் கண், கிட்டத்து முகம் தெரியாது. சேலை கட்டிய உருவம் ஒன்று இருட்டில் ஓடிவருவது மட்டும் தெரிந்தது.

“ஏத்தா, எங்கிட்டுச் சுத்திட்டு இந்நேரத்துக்கு வார? படிக்க வந்தியா, ஊரு மேய வந்தியா?” என்று தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

விடுதிக்குள் முதலில் ஒரு அலறல். அதன் பிறகு வந்த சிரிப்பு சாலைவரை கேட்டது. முனீஸ்வரி கீழே இறங்கி வந்தபோது, நூற்றுக்கணக்கான பெண்களுக்கு நடுவே அஜய் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சிரிக்கத்தான் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

“பைக்கா?”

“ரெண்டு பேரு.”

“பின்னாடியே வந்தானுங்களா, பக்கத்துல வந்தானுங்களா?”

“மொதல்ல பின்னாடி. அப்புறம் பக்கத்துல.” அவன் அவளைப் பார்த்தான். “உனக்கெப்படித் தெரியும்?”

சுற்றி நின்றவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பும் நின்றிருந்தது.

வார்டன் சூர்யகலா வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார். “வெளிய போடா மொதல்ல!”

“எப்படி மேடம்?” என்றாள் முனீஸ்வரி. “சாவி மொக்கைச்சாமி அண்ணன்கிட்ட. அதோட, ஆறு மணிக்கு மேல வெளிய போகணும்னா வீட்டுலருந்து அப்பா போன்ல சொல்லணும். நீங்க போட்ட ரூல்தான்.”

“அது பொண்ணுகளுக்கு!”

“உள்ள இருக்குற யாருக்கும்னுதான் மேடம் நோட்டீஸ் போர்டுல இருக்கு.”

சூர்யகலா விதியை மீறாதவர். பதினைந்து வருஷ வார்டன் வாழ்க்கையில் தாமாக யோசிக்கிற பழக்கத்தையும் விட்டிருந்தார். அஜயின் அப்பாவுக்கே போன் போட்டார். ஸ்பீக்கரில் மார்க்கெட் இரைச்சலோடு குரல் வந்தது.

“ஏனுங்க, பையன் எங்கீங்க இருக்கிறான்?”

“லேடீஸ் ஹாஸ்டல்ல சார். தப்பா நெனைக்காதீங்க. ரோட்டுல யாரோ தொரத்திட்டாங்க. உள்ள வச்சுப் பூட்டிட்டோம்.”

கொஞ்ச நேரம் தக்காளி ஏலம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா நிம்மதியாகச் சொன்னார்: “அப்ப உள்ளயே இருக்கட்டுமுங்க. காலையில விடுங்க. வெளிய ஊரு ரொம்பக் கெட்டுக் கெடக்குதுங்க.”

பெண்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். அஜய்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டான்.

சேதி தெரிந்து முதல்வரும் தமிழ்மதியும் ஓடி வந்தார்கள். மொக்கைச்சாமியும் வந்து, தாம் தள்ளிவிட்டது யாரை என்று தெரிந்ததும் சாவியைத் தமிழ்மதி கையில் கொடுத்துவிட்டு மறைந்தார். முதல்வருக்கு வியர்த்தது. பெண்கள் விடுதிக்குள் ஒரு பையன். பத்திரிகைக்காரன் காதில் விழுந்தால் தலைப்பு என்னவாக இருக்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

“ஐடியா உங்களுதுதான் சார்,” என்றார் தமிழ்மதி மெதுவாக. “பசங்களுக்குச் சேலை கட்டுனா கேட்டுல ஆளு மாறிப்போகும். பொண்ணுங்களே நடிச்சுட்டா இந்தக் கொழப்பமே வராது.”

“அந்த ரெண்டு பேரையும் தேடுங்க சார்,” என்றாள் முனீஸ்வரி. “அவனுங்கதான் வெளிய இருக்கானுங்க. நாங்கதான் உள்ள இருக்கோம்.”

முதல்வர் அவளை முறைத்தார். வழக்கம்போல இரண்டு நிமிஷத்தில் ஒரு தீர்வு சொன்னார். ஆண்டு விழாவரை பெண்கள் எட்டு மணி வரை வெளியே இருக்கலாம். போலீசில் ஒரு புகாரும் கொடுத்தார். ஆனால் புகாரில் சேலை கட்டிய மாணவரின் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அஜய் தன் வேஷத்தைத் திருப்பிக் கொடுத்தான். “நான் பூட்டு வியாபாரியா வாரேன்,” என்றான். “சபையே சிரிச்சாலும் தாங்கிக்குவேன்.” அந்த வேஷம் அவனுக்கு அப்படிப் பொருந்தியது.

நாடகத்தில் முனீஸ்வரி பாத்திரக் காட்சி ஒன்றையும் நுழைத்திருந்தாள். சபை கலைந்ததும் நீதிபதி, தளபதி, மந்திரி மூவரும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு, இன்றைக்கு யார் முறை என்று சண்டை போடுவார்கள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கண்மாய்க் கரையில் ஒரு மாணவி தனியாக நடந்த காட்சியில் பையன்கள் கொட்டாவி விட்டார்கள். பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் யாரும் அசையவில்லை. சிறப்பு விருந்தினர் தூங்கி எழுந்து, பெண்மையின் பெருமை பற்றி நெடுநேரம் பேசினார்.

மறுநாளே பழைய ஆறு மணி திரும்பி வந்தது. அன்று மதியமே முனீஸ்வரி முதல்வர் அறைக்குப் போனாள். நாடக மன்றம் தொடங்கப்பட்டுள்ளது, ஒத்திகைக்கு எட்டு மணி வரை அனுமதி வேண்டும் என்றாள். உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்டார். விடுதி முழுக்க என்றாள்.

“என்ன நாடகம்?”

“இன்னும் முடிவு பண்ணலை சார். எல்லாருக்கும் பார்ட் இருக்குற மாதிரி ஒண்ணு தேடணும். நாளாகும்.”

ஆவுடையப்பன் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். இந்த முறை தீர்வு வர இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கையெழுத்துப் போட்டார்.

மன்றம் எட்டு மாதமாக நடக்கிறது. இதுவரை ஒரு வசனம்கூட எழுதப்படவில்லை. ஒத்திகை என்று சொல்லி எல்லாரும் எட்டு மணி வரை வெளியே சும்மா நடந்துவிட்டு வருகிறார்கள். போன வாரம் சூர்யகலா மேடம் மல்லிகைப்பூ வாங்க டவுனுக்குப் போகும் வழியில் முனீஸ்வரியை நிறுத்தி, தமக்கும் அந்த நாடகத்தில் ஏதாவது ஒரு வேஷம் கிடைக்குமா என்று கேட்டார். வசனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம்.