பத்து நாற்பத்தொன்று

நான்காம் தொட்டியின் நச்சு வாயு அளவு ஆறு. திரையில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே தேநீரை வாயருகே கொண்டுபோனவள், குடிக்காமல் கீழே வைத்தாள். தொட்டிக்குள் இருக்கும் சென்சார் நொடிக்குப் பத்து முறை அளவை அனுப்பும். ஐந்தாகும், ஏழாகும், ஒரு நிலையில் நிற்காது. இது நின்றுகொண்டிருந்தது.

“அண்ணே, எவ்வளவு நேரமா ஆறுலயே இருக்கு?”

“ரொம்ப நேரமா சமத்தா இருக்கு மேடம்,” என்றார் கட்டுப்பாட்டறை ஆபரேட்டர். “முன்னெல்லாம் குரங்கு மாதிரி குதிக்கும். நீங்க போன மாசம் கை வெச்சதிலிருந்து அப்பப்ப இப்படி அடங்கிடுது.”

ஆலையின் சென்சார்களுக்கும் நாற்பது கணினிகளுக்கும் நடுவே செய்தி சுமக்கும் மிடில்வேர் என்ற மென்பொருள் அவள் எழுதியது. அதை நம்பித்தான் ஆட்கள் கையில் கொண்டுபோகும் வாயுமானிகளைத் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டியிருந்தார்கள். போன மாதம் அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று இணைப்பு விட்டு விட்டுப் போய், திரை சிவந்து சிவந்து மானத்தை வாங்கியது. புதுச் செய்தி வராவிட்டால் கடைசியாக வந்ததையே காட்டு என்று ஒரே ஒரு வரியை மாற்றினாள். அவர்கள் போனதும் சரிசெய்யலாம் என்றுதான் நினைத்தாள். மறந்துபோனாள்.

கணினிப் பதிவேட்டைத் திறந்தாள். நான்காம் தொட்டியிலிருந்து வந்த கடைசிச் செய்தி 10:41. சுவர்க் கடிகாரத்தில் 11:03.

“உள்ள யாரு?”

“வெல்டர்தான். உங்க தம்பி. அக்கா காவல் இருக்கும்போது எனக்கென்ன பயம்னு சிரிச்சிக்கிட்டே போனான்.”

அவள் கை அபாயப் பொத்தானுக்குப் போனது. ஆபரேட்டர் பதறி எழுந்தார்.

“மேடம், மொத்த ஆலையும் நின்னுடும்! அளவுதான் ஆறு காட்டுதே? பத்தத் தாண்டினாத்தானே ஆபத்து?”

“அது பழைய நம்பர் அண்ணே. நாந்தான் அப்படிக் காட்ட வெச்சேன்.”

அழுத்திவிட்டு ஓடினாள். சங்கு அலறியது. படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. தொட்டியின் வாயருகே காவலுக்கு நின்றவன் கையில் கயிறு. மறுமுனை தம்பியின் இடுப்பில்.

“கூப்பிட்டியா?”

“தொண்டை கிழியக் கத்திட்டேன்க்கா. இந்தச் சங்குல என்ன பதில் கேக்கும்? கயித்த ரெண்டு தடவ இழுத்தா அவனும் ரெண்டு தடவ இழுக்கணும்.”

“இழுத்தியா?”

அவன் கயிற்றை அவளிடம் நீட்டினான். இரண்டு முறை இழுத்தாள். உள்ளே வெல்டிங் வெளிச்சம் இல்லை, இருட்டுதான். பின்னால் முகமூடியும் காற்றுக் குடுவையுமாக ஆட்கள் ஓடிவரும் காலடிகள் தரையில் அதிர்ந்தன.

கயிறு அசைந்தது. கீழிருந்தா, தன் கை நடுக்கமா? பிடியைத் தளர்த்தி, விரித்த இரு உள்ளங்கைகளிலும் கயிற்றைக் கிடத்தி, மூச்சையும் நிறுத்திக்கொண்டு அதையே பார்த்தாள்.