பதினொன்றாம் வகுப்பு லாட்

கல்லூரிச் சேர்க்கை ஆலோசகருக்கு மேகத்தைப் பார்த்து மழை சொல்லத் தெரியுமோ என்னவோ, மார்க் பட்டியலைப் பார்த்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சதவீதத்தில் சொல்லத் தெரியும். வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதில் கோட்டு போட்ட நாலு பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. மார்க் குறைந்த பிள்ளைகளும், அவர்களைவிட முகம் தொங்கிப்போன பெற்றவர்களும் சுவரோரம் நின்றார்கள். பல் பிடுங்கும் இடத்தில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் ஒருவர், மகள் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில், போகிற இடமெல்லாம் முதலில் தரையைப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. ஆலோசகரின் தரை பளபளத்தது. ஆனால் மூன்றாவது வரிசையில் நாலு டைல்ஸ் நடுவில் வளைந்திருந்தன. செருப்பு நுனியால் தட்டினார். டொக்கு. சந்தேகமே இல்லை, மூன்றாம் தரம். முதல் தரம் என்று சொல்லி யாரோ இந்த மனுஷன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு ஆலோசகர்மேல் ஒரு பிரியம் வந்தது.

“அப்பா, தட்டாதே. எல்லாரும் பார்க்கிறாங்க,” என்றாள் மகள்.

ஆலோசகருக்கு முப்பது வயது இருக்கும். நாற்பத்தேழு வயதுக்காரரைப் ‘பெரியவரே’ என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மகள் மார்க்குகளைச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் தொண்ணூற்றொன்று, பதினொன்றில் ஐம்பத்தெட்டு, பன்னிரண்டில் அரையாண்டு வரை எண்பத்திரண்டு. படிக்க விரும்புவது மருந்தாளுநர் படிப்பு. விரும்பும் இடம் ஆற்றங்கரைக் கல்லூரி. ஆலோசகர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு ஊட்டிவிட்டு, அது மெல்லட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார்.

கம்ப்யூட்டர் கல்லூரிகளை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தது. கனவு, பொருத்தம், பத்திரம். ஆற்றங்கரைக் கல்லூரி கனவில் இருந்தது, பதினோரு சதவீதம். பொருத்தத்தில் ஊருக்கு வெளியே ஏதோ ஒன்று, நாற்பத்தாறு. பத்திரமான கல்லூரிக்குத் தொண்ணூற்றெட்டு.

“மீதி ரெண்டு என்ன ஆச்சு?” என்று கேட்டார் அவர்.

“அங்க இன்னும் மேல்தளம் போடல பெரியவரே. போட்டதும் நூறாயிடும்.”

பிறகு ஆலோசகர் திரையை அவர் பக்கம் திருப்பினார். பள்ளியின் மாதத் தேர்வு மார்க்குகள் ஒரே கோடாக ஓடின. பதினொன்றாம் வகுப்பு ஜூலை வரை கோடு மாடியில் நடந்தது. ஆகஸ்டில் படி தவறி விழுந்து, ஜனவரி வரை எழுந்திருக்காமல் கிடந்தது. பிப்ரவரியில் கையை ஊன்றி எழுந்து, மறுபடி படியேறத் தொடங்கியது. “இந்தப் பள்ளம்தான் உங்க பொண்ணுக்கு எதிரி,” என்றார் ஆலோசகர்.

அவர் அந்த ஆகஸ்டையும் ஜனவரியையும் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். ஆறு மாதம்.

அந்த வருஷம் ஜூலைக் கடைசியில் தொழிற்சாலைக்குப் புது மேலாளர் வந்தார். வந்த வேகத்தில் ஒரு நோட்டீசும் ஒட்டினார். தரம் பிரிக்கிறவர்கள் பெட்டிச் சீட்டைத் தாங்களே எழுத வேண்டும். ஜனவரிக் கடைசியில் தேர்வு. எழுதத் தெரியாதவர்கள் லாரியில் பெட்டி ஏற்றப் போகலாம். இவர் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்குப் பெட்டி ஏற்றப் போவதும் வீட்டுக்குப் போவதும் ஒன்றுதான். அதுவரை அவர் வாயால் சொல்ல, ஒரு குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். ஆறு மாதம், சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை, சமையலறை மேசையில் மகள் அவருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். இரக்கமே இல்லாத வாத்தியார். அவர் தூங்கி விழுந்தால் பேனா மூடியால் முழங்கையில் குத்துவாள். ஜனவரியில் அவர் தேறினார். வீட்டில் எல்லாருக்கும் பெருமை.

அந்த ஆறு மாதமும் மகளின் ரிப்போர்ட் கார்டு மாதாமாதம் வந்தது. என்ன இருக்கிறது என்று தெரியாமலே அவர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் படிக்கத் தெரிந்த மாதத்திலிருந்து மார்க்கும் ஏறிவிட்டது. ஆகவே அவர் தன் கண்ணால் படித்த கார்டுகளில் எல்லாம் மகள் கெட்டிக்காரி. வருஷக் கடைசியில் மொத்த மார்க் ஐம்பத்தெட்டு என்று வந்தபோது, மனைவி பழியைச் செல்போன்மேல் போட்டாள். பாடம் கஷ்டம் என்றாள் மகள். அவரும் ஒரு தகப்பனாக, போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார்.

“விண்ணப்பத்துல பெற்றோர் விளக்கம்னு ஒரு பக்கம் இருக்கு,” என்று ஆலோசகர் தொடர்ந்தார். “உங்க கையாலேயே எழுதணும். மாதிரி நான் தரேன், பார்த்து எழுதிடுங்க. டைபாய்டு. போன வருஷம் எல்லாருக்கும் மஞ்சள்காமாலை கொடுத்தோம், கல்லூரிக்காரங்க சலிச்சுட்டாங்க.”

“டைபாய்டே இருக்கட்டும் சார்,” என்றாள் மகள், கேட்கும் முன்பே.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆலோசகர் வாங்கி வைத்துக்கொண்டார். விண்ணப்பத்தையும் மாதிரித் தாளையும் தந்தார். விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவர் சொன்னார். “ஆகஸ்ட்ல என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரி. அதை எழுதிடாதே.”

“ஏன்?”

“அப்பாவுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தேன், அதனால மார்க் போச்சுன்னு எழுதினா, தட்டைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு யார் இரக்கமும் வேண்டாம்ப்பா. சீட் வேணும்.”

வீட்டில் மனைவி மாதிரித் தாளை வாங்கிப் படித்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து, பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“இவ அந்த வருஷம் ஒரு நாளாவது லீவு போட்டாளா? பள்ளிக்கூடத்துல முழு வருகைன்னு சான்றிதழ் கொடுத்தாங்களே, அதையும்தானே சேர்த்து அனுப்புறீங்க? படுக்கையில கிடந்துக்கிட்டே பள்ளிக்கூடம் போன டைபாய்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல.”

மூன்று பேரும் மாதிரித் தாளைப் பார்த்தார்கள். வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லத் தெரிந்தவருக்கு, வருகைச் சான்றிதழைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. சரி, அப்படியானால் காரணம் எதுவும் வேண்டாம், வெறுமனே விடுவோம் என்றாள் மகள். அது அவருக்கு ஒப்பவில்லை.

ஏனென்றால் அவர் வேலையில் ஒரு விதி இருக்கிறது. சூளையிலிருந்து வரும் டைல்ஸைச் சாய்ந்த விளக்கின் கீழே பார்க்க வேண்டும், விரல் கணுவால் தட்ட வேண்டும். குறை இருந்தால் மெழுகுப் பென்சிலால் கோடு. இரண்டு கோடு இரண்டாம் தரம், மூன்று கோடு மூன்றாம் தரம். ஒரே சூட்டில் வெந்த ஒரு லாட் முழுக்க வளைந்து வந்தால், சீட்டில் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதாத லாட் நேராக அரவை இயந்திரத்துக்குப் போகும். காரணம் எழுதிய லாட் தனியே நிற்கும், வேறொருவர் வந்து மறுபடி தட்டிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ லாட்டுகள் காரணம் இல்லாமல் தூளாவதை அவர் பார்த்திருக்கிறார். அதில் நல்ல டைல்ஸும் இருந்தன.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தரம் பிரிக்கும் மேசையிலேயே விண்ணப்பத்தை விரித்தார். முந்நூறு வார்த்தைக்குள் எழுதவும் என்று போட்டிருந்தது. முந்நூறு வார்த்தை எழுதினால் இடுப்பு என்ன, விரலும் போய்விடும். அவருக்கு எழுத வந்தது ஒரே ஒரு வடிவம். அந்த வடிவத்திலேயே எழுதினார்.

லாட்: பதினொன்றாம் வகுப்பு.

குறை: மார்க் 91 இருந்தது 58 ஆனது.

காரணம்: ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை இந்தச் சூளையின் நெருப்பைப் பக்கத்துச் சூளைக்குத் திருப்பி விட்டோம். பக்கத்துச் சூளை நான். எனக்கு எழுத்து கிடையாது. அதில் வெந்து வந்ததுதான் இந்தக் கையெழுத்து.

அடுத்த லாட்: 82. வளைவு இல்லை.

குறிப்பு: இரக்கம் வேண்டாம் என்று பிள்ளை சொல்கிறாள். தட்டிப் பார்க்கவும்.

கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாளொன்றுக்கு எண்பது சீட்டு எழுதுகிற கை அது. கையெழுத்து முடிந்ததும் அது யாரையும் கேட்காமல், காரணச் சீட்டுகளில் குத்தும் முத்திரைக் கட்டையை எடுத்து, மை தொட்டு, ஓங்கி ஒரு குத்து குத்தியது. விண்ணப்பத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக விழுந்தது: உடைக்க வேண்டாம். மறு பார்வைக்கு.

அவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழிக்க முடியாத மை. மழையில் நனைந்தாலும் போகாது என்று அதை வாங்கியபோது மேலாளர் பெருமையாகச் சொன்னார். வேறு விண்ணப்பம் கிடையாது. மணி ஒன்றரை.

கல்லூரி ஜன்னலில் இருந்த குமாஸ்தா பக்கங்களைப் புரட்டி, சிவப்பு முத்திரையில் நின்றார். “இது எந்த ஆபீஸ்ல வாங்கினது?”

“எங்க ஆபீஸ்லதான்,” என்றார் அவர். குமாஸ்தா தலையை ஆட்டி, தட்டில் போட்டுக்கொண்டார். எந்த முத்திரையானாலும் முத்திரைக்கு ஒரு மரியாதை உண்டு.

சாயங்காலம் வீட்டில் உண்மையைச் சொன்னார். மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இரண்டு நாள் ‘ம்’ என்ற ஒற்றை எழுத்தில் குடும்பம் நடத்தினாள். மூன்றாம் நாள், “என்னை டைல்ஸ்னு எழுதிட்டே,” என்றாள். “முதல் தரம்னுதான் நெனச்சு எழுதினேன்,” என்றார். “ம்,” என்றாள். ஆலோசகருக்கு யார் சொன்னார்களோ, போனில் கூப்பிட்டார். பதினோரு சதவீதம் இப்போது பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது, அப்படி ஒரு எண்ணைக் காட்டக் கம்ப்யூட்டரில் வசதி இல்லை என்று வருத்தப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் நேர்காணலுக்கு வரச் சொல்லி கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

மகள் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆனது. அவர் தாழ்வாரத்தில் நின்று, தரையில் தொண்ணூறு டைல்ஸ் வரை பார்த்து முடித்தார். எல்லாம் பழைய சரக்கு, ஒன்றுகூட வளையவில்லை. கதவு திறந்து, கண்ணாடி போட்ட பேராசிரியை ஒருவர் அவரையும் கூப்பிட்டார். உள்ளே மகள் நெற்றியில் வேர்வையோடு உட்கார்ந்திருந்தாள். முன்னால் நாலு தாள் நிறையச் சமன்பாடுகள்.

“இந்த வருஷம் எங்களுக்கு நாற்பத்திரண்டு டைபாய்டு வந்திருக்கு,” என்றார் பேராசிரியை. “சூளை ஒண்ணே ஒண்ணு. ஒரு சந்தேகம். மறு பார்வைக்கு வெக்கிற லாட் எல்லாம் தேறிடுமா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லம்மா,” என்றார். “பாதி தேறும். பாதி நிஜமாவே வளைஞ்சதுதான். தட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.”

“நாங்களும் இவ்வளவு நேரம் அதைத்தான் செஞ்சோம்,” என்று அந்த அம்மாள் தாள்களை அடுக்கினார். தட்டியதில் என்ன சத்தம் வந்தது என்று சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மகள் வாயைத் திறந்தாள். “எல்லாம் தேறிடும்னு சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லாததும் நல்லதுதான்,” என்றாள். “ஒரு கணக்கு தப்பாப் போட்டுட்டேன். அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன், எங்க தப்புன்னு.”

பத்து நாளில் பதில் வந்தது. சீட் உண்டு. முதல் பருவத் தேர்வில் எழுபதுக்குக் கீழே போனால் சீட் இல்லை. ஆக, லாட் இன்னும் தனியேதான் நிற்கிறது என்று அவர் சொன்னபோது, மகள் பேனா மூடியால் அவர் முழங்கையில் குத்தினாள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்க இருவரும் ஆலோசகரிடம் போனார்கள். வாசல் பலகையில் இப்போது ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது, கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, இவர் மகள். அவள் பிறந்ததிலிருந்து கோட்டு போட்டதில்லை. கம்ப்யூட்டரே தைத்து மாட்டிவிட்டிருக்கிறது. கீழே, ‘பதினோரு சதவீதத்திலிருந்து’ என்று எழுதியிருந்தது.

“என் தோள் இவ்வளவு அகலமா?” என்று கேட்டாள் மகள்.

உள்ளே ஆலோசகருக்கு எதிரே ஒரு லாரி டிரைவரும் அவர் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் விளக்கிக்கொண்டிருந்தார். “உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியுமா? அடடா. சரி, தெரியாதுன்னு வெச்சுக்குவோம். பொண்ணு சொல்லிக் கொடுத்தா. இந்த வருஷம் டைபாய்டு எடுபடாது, இதுதான் ஓடுது.” அப்போதுதான் இவர்களைப் பார்த்தார். எழுந்து வந்து கையைக் குலுக்கினார். சான்றிதழ்களைத் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவரே, அந்த முத்திரை ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா?”

“அது கம்பெனி சொத்து சார். வெளியே வராது,” என்றார் அவர். “இது வேணா என்னோடது.”

சட்டைப் பையிலிருந்து மெழுகுப் பென்சிலை எடுத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, மூன்றாவது வரிசையில் இருந்த அந்த நாலு டைல்ஸ்மேலும் மும்மூன்று கோடு இழுத்தார்.

“என்ன பெரியவரே இது?”

“குறை சார். காரணம் எனக்குத் தெரியல, அதான் எழுதல.”

அவர்கள் வாசலைத் தாண்டும்போது டிரைவர் நாற்காலியிலிருந்து எட்டி, செருப்பு நுனியால் ஒரு டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். டொக்கு.