நெருப்பு வைக்காமல்

மூன்று பட்டறைக்காரர்கள் கையை விரித்த கார் அது. டீச்சரம்மாவின் பழைய வண்டி. புறப்படும்போதெல்லாம் பின்சக்கரத்தில் ‘ணங்’கென்று ஒரு சத்தம். சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினால்தான் உள்ளே என்ன நோய் என்று தெரியும். அதுவோ பின் அச்சின் கூம்பு முனையில் வருஷக்கணக்காக இறுகிக் கிடந்தது. ஆளாளுக்குச் சுத்தியலால் சாத்தியதில் அதன் விளிம்பு எலி கொறித்த ரொட்டி மாதிரி ஆகியிருந்தது.

“பத்து நிமிஷம் கேஸ் வெச்சா தானா கழண்டுடும் அண்ணி,” என்றான் கொழுந்தன்.

ஷெட்டின் பின்பாதி அவனுடைய வெல்டிங் பட்டறை. முன்பாதி அண்ணியின் கார் பட்டறை. புருஷனுக்கு முதுகு போனதிலிருந்து ஏழு வருஷமாக அவள்தான் கார்களுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறாள். இரும்புக் கேட்டு செய்ய இடம் பத்தவில்லை என்று முன்பாதியின் மேல் கொழுந்தனுக்கு எப்போதும் ஒரு கண்.

“நெருப்பு வெச்சா அச்சு ஷாஃப்ட்டோட பலமும் போயிடும் தம்பி. இதுக்கு மாத்து எங்கேயும் கிடையாது. உன் கேட்டுலேருந்து ஒரு கம்பி உருவித் தருவியா?”

“நாலு மணி வரைக்கும் பாருங்க. டிரம் வந்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா முன்பக்கம் எனக்கு.”

“எடுத்துக்கோ,” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். டீச்சரம்மா சாட்சி மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அச்சு நுனியின் நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு சுற்று விட்டுவைத்தாள்.

“கழட்டணும்னுட்டு நட்டை விட்டு வெக்கிறீங்களே?” என்றான் கொழுந்தன்.

“இல்லேன்னா அது பாய்ஞ்சு வர்ற வேகத்துல உன் முழங்கால் உனக்கு இருக்காது.”

இறுகியதை இழுத்துக் கழற்றும் புல்லரின் மூன்று கைகளையும் டிரம்மோடு பூட்டி, நடு போல்ட்டை ஷாஃப்ட் நுனியில் முட்டுக் கொடுத்தாள். ஸ்பானரில் நீளக் குழாய் சொருகி, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டு இறுக்கினாள். இரும்பு கீச்சிட்டது. போல்ட் தலையில் ஒரே ஒரு அடி. அசைந்து கொடுக்கவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா, உக்காந்துட்ட?” என்றார் டீச்சரம்மா.

“வேலை நடக்குது டீச்சரம்மா.”

“யார் செய்றா?”

“புல்லர்தான். நமக்குத்தான் சும்மா இருக்கத் தெரியணும்.”

மணிக்கொரு தரம் எழுந்து இறுக்கினாள். இரண்டு மணிக்கு போல்ட் நகரவே இல்லை. மூன்று மணிக்குக் கால் சுற்று நகர்ந்தது. உள்ளே எதுவோ இளக ஆரம்பித்துவிட்டது என்று அவள் கைக்குத் தெரிந்தது. கொழுந்தன் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிவந்தான். டேப்பை எடுத்து முன்பாதியை அளந்தும் பார்த்தான். நாலு மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான்.

“இன்னும் பத்து நிமிஷம் என்னுது தம்பி. தள்ளி நில்லு.”

“பத்து நிமிஷத்துல என்ன அண்ணி ஆகி…”

வெடிவைத்த மாதிரி ஒரு சத்தம். டிரம் துள்ளிவந்து நட்டில் மோதி நின்றது. கொழுந்தன் இரண்டடி பின்னால் போய்ச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டான்.

அவள் நிதானமாக நட்டைக் கழற்றி டிரம்மை உருவினாள். அதையும் ஷாஃப்ட்டையும் பிணைக்கும் சாவித்துண்டு இரண்டாக முறிந்து கிடந்தது. கூம்பின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். எங்கேயும் தட்டவில்லை.

“சத்தம் போட்டது இந்தச் சாவிதான். ஷாஃப்ட் தப்பிச்சுது. சாவி மட்டும் புதுசு போடணும். நாளைக்கு மதியம் நீங்களே ஓட்டிட்டுப் போங்க.”

டீச்சரம்மா முறிந்த துண்டை உள்ளங்கையில் உருட்டினார். “இத்துனூண்டுக்கா அத்தனை பேரும் அடிச்சாங்க!”

கொழுந்தன் சொன்ன சொல் தவறாமல் சிலிண்டரை உருட்டிப்போனான். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பி வந்தான்.

“அந்தப் பக்கச் சக்கரத்தையும் பார்க்கணும்ல? நான் இறுக்கட்டுமா அண்ணி?”

“இறுக்கு. ஆனா இறுக்கிட்டு ஒரு மணி நேரம் கை வைக்காம உக்காரணும்.”

அவன் அந்தப் பக்க டிரம்மைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான்.

“வேணாம், நீங்களே செய்யுங்க,” என்றான்.