முள் ஐம்பதில் இருந்தது

1

பத்தொன்பது மணி நேரமாக இந்தக் கதையின் முதல் வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் தூங்கினேன், சர்ச்சுக்குப் போய்வந்தேன், மீன்குழம்பு சாப்பிட்டேன். வரி வரவில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஜீப்பிலிருந்து. அண்ணன் எட்சன் பிப்ரவரியில் அதற்குப் பெரிய டயர் போட்டான். ரப்பர் தோட்டத்துச் சரிவில் பழைய டயர் வழுக்குகிறது என்றான். (பாதி உண்மை. மீதி, கருங்கல் சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும்.) ஆர்.சி. புத்தகப்படி எங்கள் வண்டிக்கு அந்த அளவு கிடையாது. டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

அன்று மாலையே ஒரு கணக்குப் போட்டேன். இயற்பியல் படித்தவளுக்கு ஒரு நிமிட வேலை. அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், "வந்துட்டா விஞ்ஞானி" என்பான். உங்களிடமும் இப்போது சொல்லப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட சாயங்காலம், ஈரச் சாலையில் ஒரு..." வேண்டாம். மழையே இல்லை. நல்ல வெயில்.

இரண்டாவது: "ராகேல் நாற்பத்தைந்து வயதில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள்." இது உண்மை. ராகேல் அக்கா பக்கத்து வீடு. ஜாக்கெட் தைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்கு முன்பெல்லாம் அக்கா வெளியே போக வேண்டுமென்றால் அவர் கணவர் நேசையன் அண்ணனுக்கு மனது வர வேண்டும்.

போன மாதம் அக்கா சந்திலிருந்து சாலைக்கு ஏறினார். எங்கள் ஜீப் தூரத்தில் வந்தது. கடந்துவிடலாம் என்று நினைத்தார். ஜீப் ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் இடித்தது. அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

3

போலீசுக்குப் போகாமல் சர்ச் ஹாலில் பேசினார்கள். நானும் பின்வரிசையில் இருந்தேன்.

"வண்டி பறந்து வந்துது," என்றார் அக்கா.

"இல்லக்கா, அம்பதுலதான் வந்தேன். அங்க ஸ்பீடு போர்டுலயும் அம்பதுதான். பாருங்க."

அண்ணனின் கூட்டாளி சிஜின் புது டயரைக் கொண்டாட முன்சீட்டிலிருந்து எடுத்த வீடியோ அது. மீட்டர் தெளிவாகத் தெரிந்தது. பிரேக் சத்தம் கேட்கும்வரை முள் ஐம்பதில் இருந்தது.

(அண்ணன் பொய் சொல்லவில்லை. தயவுசெய்து இதை இரண்டு தடவை வாசியுங்கள்.)

நேசையன் அண்ணன் சிரித்தார். "இவளுக்கு பஸ்ஸு நிக்குதா ஓடுதான்னே தெரியாது. இதுல ஸ்பீடு சொல்லுகா."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எழுத வரும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

அடுத்த வாரம் அக்கா தக்கலைக்குப் போய்க் கண்ணைச் சோதித்தார். குறை ஒன்றுமில்லை. "அப்போ மண்டையிலதான் கோளாறு," என்றார் என்னிடம். ஸ்கூட்டரை விற்கச் சொன்னவர் கணவர். சரி என்றவர் அக்கா.

நான் போட்ட கணக்கு அக்கா பக்கம் நிற்கிறது. உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

4

பூங்கனி என்று ஒருத்தியை உண்டாக்கி அந்த ஹாலில் உட்காரவைத்தேன். அவளுக்கும் கணக்கு தெரியும். ஆனால் தைரியசாலி. எழுந்து சொல்லிவிட்டாள். கதை ஏழு வரியில் முடிந்துபோனது. அவளைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

கணக்கை ஒர்க்‌ஷாப்காரர் வாயில் வைத்துப் பார்த்தேன். டயரை விற்றவரே அவர்தான். எப்படிச் சொல்வார்?

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

அ. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஸ்கூட்டர் போகிறது. அண்ணனுக்கு வழக்கில்லை, இன்சூரன்ஸ் தகராறில்லை.

ஆ. நான் சொல்கிறேன். பொய்யே சொல்லாத அண்ணன் சபைக்கு முன்னால் பொய்யனாகிறான்.

இ. பழைய டயரை மாட்டச் சொல்லி அண்ணனை நச்சரிக்கிறேன். மாட்டுகிறான்.*

* இது நேற்று நடந்தது. ஆர்.டி.ஓ. பிடிப்பார் என்று பயங்காட்டினேன். இப்போது எங்கள் ஜீப் சட்டப்படி சுத்தம். அக்காவின் கண்ணுக்கு அது மருந்தாகவில்லை.

ஈ. அவள் மெல்ல எழுந்து, வாசலுக்கு

5

அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். வெளியே அண்ணன் குரல். ஸ்கூட்டர் பார்க்கக் குழித்துறையிலிருந்து ஆள் கூட்டிவந்திருந்தான். அக்காவுக்கு உதவி செய்கிறானாம். (திரும்பி வந்து எழுதுகிறேன்.)

"நல்லா வச்சிருக்கியளே, என்னத்துக்கு விக்குதிய?" என்றார் வந்தவர்.

"எனக்கு இப்பம் தூரம் தெரியல்ல மக்கா," என்றார் அக்கா. கட்டுப்போடாத கையால் சாவியை நீட்டினார்.

"ஏட்டி, செருப்புகூட இல்லாம எங்க ஓடி வாற? ஸ்கூட்டரு உனக்கு வேணுமா?" என்றான் அண்ணன்.

"அக்கா, சாவியக் குடுக்காதிங்க."

நேசையன் அண்ணன் வாயைப் பிளந்தார். "இந்தப் பிள்ளைக்கு ஒச்சை உண்டா? வாயத் தெறந்து பேசுகா!"

அதற்குப் பிறகு அண்ணன் முகம் என்ன ஆனது, இன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும், சர்ச் ஹாலை மறுபடி திறப்பார்களா, இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அண்ணன் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் வாயிலிருந்து வந்ததை மட்டும் வந்தபடி வைக்கிறேன்:

"மீட்டர் ரோட்ட அளக்காதுண்ணா. சக்கரம் சுத்துகதத்தான் எண்ணும். பெரிய டயர் ஒரு சுத்துக்குக் கூடுதல் தூரம் போவும். முள்ளு அம்பதுல நிக்கும்போ வண்டி அம்பத்தாறுல வந்துது. ராகேலக்கா பாத்ததுதான் சரி."