கோழிக்கடை ஸ்ட்ரீமர்

கொடைக்கானல் பஜாரில் தஸ்தகீரின் கோழிக்கடையில் சேவல் கழுத்து இறகைத் தனியே எடுத்து வைப்பது அவர் மகள் உம்மு ஹபீபா ஒருத்திதான். அதைத் தூண்டில் முள்ளில் நூலால் இறுக்கிக் கட்டுவாள். தண்ணீரில் இழுத்தால் குட்டி மீன் நெளிவது போலவே இருக்கும். மலை ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்கள் அதை ஸ்ட்ரீமர் என்பார்கள்.

போன ஜனவரியில் அவள் கட்டிய நாலு ஸ்ட்ரீமரை, பஜாரில் வேலை தேடித் திரிந்த சேனாதிபதி வாங்கிப் போனான். "செல்வமுருகன் சார்ட்ட காட்டி ஒன்னையும் கைடாச் சேத்துவிடுறேன் தங்கச்சி" என்றான். காட்டினான், இல்லையென்று சொல்லக் கூடாது. தான் கட்டியதாகக் காட்டினான். விருந்தினரை மேல்மலை ஓடைக்கு மீன்பிடிக்க அழைத்துப் போகும் விடுதிக்காரர் செல்வமுருகன் அதை நம்பி, அவனையே கைடாக வைத்துக்கொண்டார். ஹபீபா நேரில் போய்ச் சொன்னபோது சிரித்தார். "சேனாதிபதி கட்டுனதப் பாத்துக் காப்பியடிச்சுட்டு இங்கயே வந்து நிக்கிறியேம்மா."

வேலை கிடைக்காததைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். தன் கை வேலைக்குத் தன்னையே திருடியாக்கிவிட்டானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

இந்த ஜனவரியில் கூச்சமே இல்லாமல் மறுபடி வந்து நின்றான். பழையதெல்லாம் பாறையில் சிக்கி அறுந்துவிட்டதாம். "ஞாயித்துக்கெழம சார் வீடியோ எடுக்க ஆளக் கூட்டியாராரு. வெரசா ரெண்டு கட்டிக் குடு தங்கச்சி. இந்தத் தடவ ஒம் பேரச் சொல்லாம விடமாட்டேன்."

"அதுக்கென்னண்ணே, கட்டிருவோம்" என்றாள் ஹபீபா.

வழக்கமாக முதலில் முள்ளில் ஈயக் கம்பியைச் சுற்றி, அதைக் கம்பளி நூலால் மூடிவிட்டுத்தான் இறகு கட்டுவாள். குளிர்காலத்தில் டிரவுட் மடுவின் அடியில் அசையாமல் கிடக்கும். மேலே போகிற எதையும் துரத்தாது. ஈயம் இருந்தால்தான் ஸ்ட்ரீமர் அதன் மூக்குக்கு நேரே இறங்கும். இதெல்லாம் கட்டுகிறவர்களுக்கு அல்லவா தெரியும்! சேனாதிபதிக்கான இரண்டிலும் ஈயத்தை மட்டும் விட்டுவிட்டாள். அழகில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஞாயிறு காலை, ஓடைக்கரைச் சமையலுக்கான கோழியோடு அவளும் விடுதி ஜீப்பில் ஏறிக்கொண்டாள். கையில் தன் தூண்டில் ராடும் இருந்தது. ஓடைக்கரைப் புல்லெல்லாம் உறைபனி. கேமரா முன்னால் சேனாதிபதி ஸ்ட்ரீமரைத் தூக்கிப் பிடித்து, "ஒவ்வொரு எறகையும் நானே பாத்துப் பாத்துக் கட்டுனதுங்க" என்றான். அவள் பெயரைச் சொல்லியிருந்தால் மனம் இளகி, ஈயம் வைத்த ஒன்றைக் கொடுத்தாலும் கொடுத்திருப்பாள். அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

முக்கால் மணி நேரம் வீசினான். ஸ்ட்ரீமர் ஒரு முழ ஆழம்கூட இறங்கவில்லை. வேகமாக இழுத்தான். அது இன்னும் மேலே வந்தது. கடைசியில், "தண்ணி செத்துக் கெடக்கு சார். இன்னைக்கு எவன் வந்தாலும் மீன் ஏறாது" என்று லைனைச் சுருட்டினான்.

"நான் ஒருக்கா போட்டுப் பாக்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள் ஹபீபா. வந்ததற்கு எதையாவது படம் பிடிக்கட்டுமே என்று செல்வமுருகன் தலையாட்டினார்.

அதே மடுவில் வீசினாள். இருபது எண்ணும்வரை விரலை அசைக்கவில்லை. பிறகு ஒரு சாண் இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி ஒரு சாண். மூன்றாவது வீச்சில் ராட் வில்லாய் வளைந்தது. கரைக்கு வந்த டிரவுட் முழங்கை நீளம் இருந்தது.

சேனாதிபதி பாய்ந்து வந்தான். அவள் முள்ளைக் கழற்றியதும் ஸ்ட்ரீமரைப் பிடுங்கித் தன்னுடையதோடு வைத்துப் பார்த்தான். அதே இறகு, அதே சிவப்பு நூல். கையுறையைக் கழற்றி இரண்டையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான். முகம் கறுத்தது. கேமரா ஓடிக்கொண்டிருப்பது ஆத்திரத்தில் மறந்தே போயிற்று.

"ஏ புள்ள, எனக்குக் கட்டிக் குடுத்ததுல உள்ள என்னத்த வைக்காம விட்ட?" என்று கத்தினான்.

செல்வமுருகன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹபீபா மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். ஒரு வருஷமாய் இந்த முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தாள். சந்தோஷமாக இருந்தது. வெட்கமே இல்லாத சந்தோஷம்.

"கேமராவப் பாத்து இன்னொருக்கா சொல்லுங்கண்ணே" என்றாள். "ஓடச் சத்தத்துல சரியாக் கேட்டிருக்காது."